படிக்கட்டு ஓரத்து ஒன்பது ஜாயிண்ட்

எனக்கு ஆமைன்னு பேரு வச்சவன் வாயில வசம்பை வச்சுத் தேய்க்க! பதினோரு வருஷமா இரும்புக் கட்டடங்கள்ல போல்ட் இறுக்குற வேலை பார்க்கிறேன். நான் இறுக்கின போல்ட் எதுவும் இன்னிக்கு வரைக்கும் எனக்குக் கெட்ட பேரு வாங்கிக் கொடுத்ததில்லை. வாங்கிக் கொடுத்ததெல்லாம் மனுஷங்கதான்.

எங்க கேங்குல லீடரையும் என்னையும் தவிர நாலு ஆம்பளைங்க. நாலும் தடிமாடு. காலையில நான் ஹெல்மெட் வாரை மாட்டும்போதே ஒருத்தன் ஆரம்பிப்பான். "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்வாங்க. ஆமை ஏறின கூரை என்ன ஆகும்டா?" மத்த மூணும் கெக்கெபிக்கேன்னு சிரிக்கும். "இந்தச் சிரிப்பை உன் பொண்டாட்டி எதிர்ல சிரிச்சுப் பாரு, பல்லு எத்தனை மிஞ்சுதுன்னு நாளைக்கு எண்ணிக்கலாம்"னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு மேல ஏறிடுவேன். இது தினப்படி நடக்கிறது, எனக்கு ஒண்ணும் வலிக்கலை.

கட்டுறது பஸ் ஸ்டாண்டுக்குப் புதுக் கூரை. எட்டு பஸ் பக்கத்துல பக்கத்துல நிக்கலாம், நடுவுல தூணே கிடையாது. இந்தச் சுவர்லேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும் இரும்பு உத்திரங்கள். உத்திரமும் உத்திரமும் சேர்ற இடம்தான் ஜாயிண்ட். மொத்தம் எண்பத்தெட்டு ஜாயிண்ட், ஒவ்வொண்ணுலயும் பன்னிரண்டு போல்ட். ஆயிரத்து ஐம்பத்தாறு போல்ட் சேர்ந்துதான் அந்தக் கூரையைத் தூக்கிப் பிடிக்குது.

நான் ஏன் மெதுன்னு என்னைக் கேட்காதீங்க, ஸ்பெக்கைக் கேளுங்க. ஸ்பெக்குன்னா இந்தக் கட்டடத்துல எந்த இரும்பு, எந்த போல்ட், எதை எப்படிச் செய்யணும்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட புத்தகம். போல்ட்டுக்கு அதுல மூணே பக்கம். ரெண்டு தகடும் நடுவுல காத்துக்கூடப் போகாம ஒட்டுற வரைக்கும் பன்னிரண்டையும் இறுக்கணும். நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்கு வரணும். ஓரம் வந்ததும் நடுவுல இருக்கிறது கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கும், அதனால மறுபடி முதல்லேர்ந்து. அப்புறம் போல்ட் நுனி, நட், தகடு மூணு மேலயும் பெயிண்ட் பேனாவால ஒரே கோடு இழுக்கணும். அதுக்கப்புறம்தான் நீளக் கைப்பிடி ரெஞ்சை மாட்டி நட்டை இன்னும் அரைச் சுத்து திருப்பணும். அந்த அரைச் சுத்துலதான் உயிரே இருக்கு. போல்ட் உள்ளுக்குள்ள மயிரிழை நீளும், நீண்டதனால தகடு ரெண்டையும் கவ்விப் பிடிக்கும். திருப்பி முடிச்சதும் கோடு உடைஞ்சு நிக்கும். போல்ட்டுலயும் தகடுலயும் ஒரு பக்கம், நட்டுல மட்டும் எதிர்ப்பக்கம். கோடு உடைஞ்சிருந்தா இறுக்கின போல்ட். நேரா இருந்தா இறுக்காத போல்ட். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

இதை ஒழுங்காச் செஞ்சா ஒரு ஜாயிண்டுக்கு அரை நாள் ஆகும். அந்த நாலு பேரும் ஒரே நேரத்துல ஒரு ஜாயிண்ட்லதான் நிப்பானுங்க, ஆனா ஒரு நாளைக்குப் பத்து ஜாயிண்ட் முடிச்சானுங்க. மேனேஜர் ஆபீஸ் வாசல்ல பலகை வச்சு அதை எழுதிப் போட்டாரு. அவங்க பக்கம் பத்து, என் பக்கம் ரெண்டு. வர்றவன் போறவன் எல்லாம் அதைப் பார்த்துட்டு என்னைப் பார்ப்பான்.

கேங் லீடர் எனக்குச் சொந்தம். என் நாத்தனார் புருஷன். அண்ணன்னுதான் கூப்பிடுவேன். இந்தக் கம்பெனியில என்னைச் சேர்த்து விட்டதே அவருதான். எனக்கு முட்டி வலின்னு தெரிஞ்சு, படிக்கட்டு ஓரமா இருக்கிற ஒன்பது ஜாயிண்டை எனக்குன்னு ஒதுக்கினாரு. மத்தவங்க ஆளைத் தூக்குற லிஃப்ட் மெஷின்ல ஏறி, அந்தரத்துல முட்டி போட்டு வேலை பார்க்கணும். எனக்கு மட்டும் படி ஏறினா பலகைத் தளம், நின்னுக்கிட்டே வேலை. "உனக்கு எதுக்கும்மா ரிஸ்க்கு"ன்னாரு. நானும் உருகிப் போயிட்டேன். வீட்டுல வந்து என் வீட்டுக்காரர்கிட்ட, "உங்க தங்கச்சி புருஷன் தங்கமான மனுஷன்"னு சொன்னேன். சொன்ன வாயைக் கழுவணும்.

அன்னிக்குத் திங்கக்கிழமை. என் கடைசி ஜாயிண்டுக்கு ரெண்டு போல்ட் குறைஞ்சது. போல்ட் பெட்டி எதிர்ச் சுவர்ப் பக்கம் மேல உத்திரத்துல இருந்துச்சு. தடிமாடுங்க நாலும் அப்பத்தான் டீ குடிக்கப் போயிருந்தானுங்க, லிஃப்ட் சும்மா நின்னுச்சு. சரி, நாமளே போவோம்னு ஏறினேன். அந்தப் பக்கம் போய் நின்னு, பிடிமானத்துக்கு ஒரு ஜாயிண்ட் மேல கையை வச்சேன். கையுறையில மஞ்சள் பெயிண்ட் ஒட்டிக்கிச்சு.

அந்த ஜாயிண்ட் போன வியாழக்கிழமையே முடிஞ்சதா ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கு. பெயிண்ட் பேனா கோடு அஞ்சு நிமிஷத்துல காயும். வியாழக்கிழமை போட்ட கோடு திங்கக்கிழமை எப்படிய்யா கையில ஒட்டும்?

குனிஞ்சு பார்த்தேன். பன்னிரண்டு கோடும் உடைஞ்சுதான் இருக்கு. ஆனா அழகா உடைஞ்சிருக்கு. ரெஞ்சு மாட்டித் திருப்பின நட்டு மூலையில மேல்பூச்சு தேய்ஞ்சு பளபளன்னு இருக்கும். இங்க ஒரு கீறல் இல்லை, கடையிலேர்ந்து வந்த மாதிரி இருக்கு. இடுப்புல சொருகியிருந்த சின்ன ஸ்பானரை எடுத்து மாட்டி ஒரு இழுப்பு இழுத்தேன். நட்டு திரும்பிடுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு, எல்லாம் அப்படியே. ஒத்தைக் கையால நான் திருப்புறேன், அதெல்லாம் வழவழன்னு திரும்புது. பக்கத்து ஜாயிண்டும் அப்படித்தான். அதுக்கு அடுத்ததும் அப்படித்தான்.

இறுக்கவே இல்லை. கோட்டை மட்டும் உடைஞ்ச மாதிரி ரெண்டு துண்டா வரைஞ்சு வச்சிருக்கானுங்க. ஏன்டா, படம் வரையவாடா உங்களுக்குப் பேனா கொடுத்தாங்க!

கீழே இறங்கினேன். அண்ணன் டூல் ரூம்ல தனியா உட்கார்ந்திருந்தாரு. கையுறையைக் கழட்டி அவர் முன்னாடி போட்டேன்.

"என்னண்ணா இது?"

பார்த்ததும் புரிஞ்சுக்கிட்டாரு. கதவைச் சாத்தினாரு. "கத்தாதம்மா. ரெண்டு கரண்ட் ரெஞ்சுல ஒண்ணு புகைஞ்சு போச்சு, இன்னொண்ணை வேற வேலைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நீளக் கைப்பிடி ரெஞ்சு உன்கிட்ட இருக்கிற ஒண்ணுதான், அவங்களுக்கு இருக்கிறது கை ஸ்பானர் மட்டும்தான். மேனேஜர் ஒரு நாளைக்குப் பத்துங்கிறாரு. நான் என்ன பண்ண?"

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிட்டு வீட்டுல போய் உட்காரவா? இது இரும்பும்மா. அவ்வளவு சீக்கிரம் விழாது."

"விழாதுன்னு யாரு சொன்னா, ஸ்பெக்கு சொல்லுச்சா? கீழே நாள் முழுக்க பஸ் வரும், போகும், அதிரும். மேல காத்து அடிக்கும். கவ்விப் பிடிக்காத போல்ட் எத்தனை நாளைக்குண்ணா தாங்கும்?"

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுக்கும் ஒரு அளவு இருக்கு. நான் நேரா மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

மேனேஜர் நான் சொன்னதை எல்லாம் கேட்டாரு. கேட்டுட்டுச் சிரிச்சாரு பாருங்க, அந்தச் சிரிப்பை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். "உட்காரும்மா. நீ ஒரு நாளைக்கு ரெண்டு ஜாயிண்ட்தான் முடிக்கிற. உன்னை ஏன் இன்னும் வேலையில வச்சிருக்கோம்னு என்னைக்காவது யோசிச்சியா?"

"சொந்தக்காரங்கன்னு அண்ணன் சொல்லியிருப்பாரு."

"சொந்தமாவது மண்ணாவது. வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருவாரு. நூத்துக்குப் பத்து போல்ட் சோதிப்பாரு. எங்க சோதிப்பாரு? படி ஏறி எட்டுற இடத்துல. அங்க இருக்கிறதெல்லாம் யாரோட போல்ட்?" என்னவோ பரிசு கொடுக்கிற மாதிரி விரலை என் பக்கம் நீட்டினாரு. "நீதாம்மா எங்க ஷோகேஸ். உன் வேலை மாதிரி சுத்தமான வேலை வேற எங்க கிடைக்கும்? அதனாலதான் அதை முன்னாடி வச்சிருக்கோம். பேசாமப் போய் அந்தக் கடைசி ஜாயிண்டை முடி."

எழுந்து வெளியே வந்துட்டேன். படியில உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆயிரத்து ஐம்பத்தாறுல நூத்துக்குப் பத்துன்னா நூத்தி ஆறு. என் ஒன்பது ஜாயிண்ட்ல பன்னிரண்டு பன்னிரண்டா நூத்தி எட்டு. எட்டும் இல்லை, பத்தும் இல்லை, சரியா ஒன்பது! அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி எனக்கு அளவெடுத்து ஒதுக்கியிருக்காங்க. முட்டி வலியாம், ரிஸ்க்காம்! பதினோரு வருஷமா நான் காப்பாத்தி வச்ச ஒழுங்கை எடுத்து இவனுங்க திருட்டுக்குப் போர்வையாப் போத்தியிருக்கானுங்க. என்னை மெதுன்னு சொன்னது பரவாயில்லை. ஆமைன்னு சொன்னது பரவாயில்லை. என் நல்ல வேலையை வச்சு என்னையே பொய் சொல்ல வச்சுட்டானுங்களே!

மறுநாள் செவ்வாய்க்கிழமை லிஃப்ட் மெஷின்ல "பழுது"ன்னு அட்டை தொங்குச்சு. திங்கக்கிழமை நான் ஏறிப் போய்ட்டு வந்த மெஷின். ஒரே ராத்திரியில அதுக்கு என்ன நோவு வந்துச்சோ.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டர் பார்க்க வந்தாரு. தடிமனான கண்ணாடி போட்ட மனுஷர். கெட்டவர்னு சொல்ல முடியாது. அவர் கார்ல ஏறப் போகும்போது வாசல் கேட் பக்கத்துல மடக்கினேன். எதிர்ப்பக்கத்து ஜாயிண்டெல்லாம் இறுக்கலை, கோடு சும்மா வரைஞ்சது, நான் ஸ்பானர் போட்டே பார்த்தேன்னு மடமடன்னு சொன்னேன்.

அவர் கண்ணாடியைத் துடைச்சாரு. "எழுத்துல கொடுங்க. யாரு செஞ்சது, எந்த ஜாயிண்ட், எந்தத் தேதி. உங்க பேரு போட்டு."

"எழுதணுமா? நீங்க போய்ப் பார்த்தா ஆச்சே சார்!"

"எப்படிப் போறது? லிஃப்ட் பழுது."

"ஸ்பெக்ல 'கூரை முழுக்கப் பரவலாச் சோதிக்கணும்'னு இருக்கில்ல?"

"'பாதுகாப்பா ஏற முடிஞ்ச இடத்துல'ன்னும் இருக்கும்மா. யாரோ வாயால சொன்னாங்கன்னு நான் வேலையை நிறுத்தினா, நாளைக்கு என் மேலதான் கேஸ் வரும்." கார்க் கதவைத் திறந்தவர் கொஞ்சம் நின்னாரு. "சோதிக்கிற போல்ட்ல மூணு தோத்துப் போனாலே போதும். மொத்தக் கூரையையும் ஒண்ணு விடாமச் சோதிக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கு. அதுவும் ஸ்பெக்தான். ஆனா தோக்கணும்."

கார் போயிடுச்சு. தோக்கணுமாம். என் போல்ட் எப்படிய்யா தோக்கும்?

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் போன் பண்ணினா. அழுதுக்கிட்டே பேசினா. "அண்ணி, நீங்க ஏதோ எழுதிக் கொடுக்கப் போறீங்களாமே. அவர் பேரு அதுல வந்தா ஜெயில்தான் அண்ணி. பாவம், மேனேஜர் சொல்லித்தானே செஞ்சாரு. ரெண்டு பொண்ணுங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?" எனக்கு அவளைத் திட்டவும் வாய் வரலை. நான் கல்யாணமாகி வந்தப்போ அவளுக்குப் பன்னிரண்டு வயசு. நான்தான் தலை பின்னி விடுவேன்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இதே ஸ்டாண்டுக்குத்தான் அவர் பஸ் வரும். சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு எல்லாத்தையும் கேட்டாரு.

"எழுதினா என் தங்கச்சி குடும்பம் தெருவுக்கு வரும். எழுதலைன்னா?"

"எழுதலைன்னா கூரை பாஸ் ஆகும். மேல ஷீட்டு போடுவாங்க. அப்புறம் ஒருத்தனும் ஏறிப் பார்க்க மாட்டான்."

"எனக்கு நாலாம் நம்பர் இடம் கொடுத்திருக்காங்க. நடு நாயகமா"ன்னு சொல்லிட்டு மோட்டுவளையைப் பார்த்தாரு. அப்புறம் என்னைப் பார்த்தாரு. "பஸ்ல ஐம்பது பேரு ஏறுவாங்க. கீழே நூறு பேரு நிப்பாங்க. இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல. உனக்குத் தெரியாததா?"

"எனக்கு வேலை போகும்."

"போனாப் போகட்டும். கொஞ்ச நாளைக்கு நான் வேகமா ஓட்டுறேன், நீ வீட்டுல மெதுவாச் சமை." அந்த நேரத்துலயும் மனுஷனுக்கு நக்கல் போகலை. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்கெல்லாம் சைட்டுக்குப் போயிட்டேன். வாட்ச்மேன் மட்டும்தான் இருந்தாரு. படி ஏறி என் பலகைத் தளத்துல நின்னேன். ஒன்பது ஜாயிண்டும் வரிசையா நிக்குது. நூத்தி எட்டுக் கோடும் உடைஞ்சு நிக்குது. ஒவ்வொண்ணும் எப்ப இறுக்கினது, அப்போ வெயிலா மழையான்னுகூட எனக்குச் சொல்லத் தெரியும்.

ரெண்டாவது ஜாயிண்ட்ல ஒரு போல்ட், அஞ்சாவதுல ஒண்ணு, எட்டாவதுல ஒண்ணு. அதுக்கு மேல எனக்கு மனசு வரலை. ரெஞ்சைத் திருப்பி மாட்டி, தளர்த்துற பக்கம் இழுத்தேன். நல்லா இறுக்கின போல்ட் லேசுல வராது. உடம்பு எடை முழுக்க அதுல தொங்கினப்புறம் டப்புன்னு ஒரு சத்தத்தோட விட்டுச்சு. என் நெஞ்சுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. அரைச் சுத்து பின்னாடி வந்ததும் கோடு மறுபடி நேரா சேர்ந்து நின்னுச்சு. இந்த வகை போல்டை ஒரு தடவை முழுசா இறுக்கி அவுத்தா மறுபடி போடக் கூடாது, குப்பைதான். மூணு நல்ல போல்டை நானே குப்பையாக்கினேன்.

கோட்டைத் துடைச்சுட்டு உடைஞ்ச மாதிரி வரைஞ்சு வச்சிருக்கலாம். இன்ஸ்பெக்டர் ரெஞ்சு போடும்போதுதான் தெரியும், என் மேல சந்தேகமும் வராது. பேனா பையிலதான் இருந்துச்சு. சீ, அந்தப் பொழப்பு எனக்கு வேண்டாம்னு விட்டுட்டேன். இறுக்காத போல்ட்டுக்குக் கோடு நேராத்தான் இருக்கணும். நேராவே விட்டுட்டு இறங்கினேன்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தாரு. கூட மேனேஜர், அண்ணன். மேனேஜர் புது மாப்பிள்ளை மாதிரி முன்னாடி நடந்து வர்றாரு. "பாருங்க சார், எங்க வேலைத் தரம் எப்படின்னு நீங்களே பாருங்க." முதல் ஜாயிண்ட் முழுக்க பாஸ். இன்ஸ்பெக்டர் அவரோட சோதனை ரெஞ்சை மாட்டி அழுத்துவாரு, நட்டு அசையாது, ரெஞ்சு கிளிக்குன்னு சொல்லும். ரெண்டாவது ஜாயிண்ட்ல ஏழாவது போல்ட் கிட்ட வந்தாரு. குனிஞ்சாரு. ரெஞ்சு போடுறதுக்கு முன்னாடியே கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டுப் பார்த்தாரு. கோடு நேரா இருக்கு. ரெஞ்சை மாட்டினாரு. நட்டு சொகுசாத் திரும்புச்சு.

"ஒண்ணு விட்டுப் போச்சு போல சார்"னு மேனேஜர் இளிச்சாரு. அஞ்சாவது ஜாயிண்ட்ல இன்னொண்ணு திரும்புச்சு. இளிப்பு போச்சு. எட்டாவதுல மூணாவது. மேனேஜர் என்னைப் பார்த்தாரு பாருங்க ஒரு பார்வை! கண்ணாலயே எரிச்சிருப்பாரு. நான் அவரையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

இன்ஸ்பெக்டர் நோட்டுல எழுதினாரு. "மூணு தோல்வி. மொத்தக் கூரையும் சோதிக்கணும். அது முடியற வரைக்கும் ஷீட்டு ஏத்தக் கூடாது."

"லிஃப்ட் பழுது சார்."

"அப்போ வேலை நிக்கட்டும்."

ஒரு மணி நேரத்துல லிஃப்ட் வந்து நின்னுச்சு. என்ன மருந்து கொடுத்தாங்களோ, தன்னால எழுந்து உட்கார்ந்துக்கிச்சு. என்னை மட்டும் வீட்டுக்குப் போகச் சொன்னாரு மேனேஜர். கூப்பிட்டா வந்தாப் போதும்னாரு.

நாலு நாள் கழிச்சுக் கூப்பிட்டாங்க. ஆபீஸ் ரூம்ல இன்ஸ்பெக்டர், மேனேஜர், அண்ணன். மேஜை மேல ரிப்போர்ட். ஆயிரத்து ஐம்பத்தாறுல அறுநூத்திப் பதினாறு போல்ட் தோல்வி. முதல் பக்கத்துல முதல் மூணு வரி என் ஜாயிண்ட்.

மேனேஜர் ஒரு காகிதத்தை என் முன்னாடி தள்ளினாரு. "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு." படிச்சேன். தோல்வி முதல்ல கண்டுபிடிக்கப்பட்டது என் இடத்துலயாம். என் மெத்தனத்தைப் பார்த்துதான் மத்த ஆளுங்களும் கெட்டுப் போனாங்களாம். அதனால என்னை வேலையிலேர்ந்து நீக்குறாங்களாம். அந்த நாலு பேரையும் எச்சரிச்சு விட்டாச்சு, ஓவர்டைம் கொடுத்துத் திரும்ப இறுக்கச் சொல்லியாச்சு. வேலியே பயிரை மேஞ்சுட்டு, பயிர் மேல பழி போடுது.

"என்னைப் பார்த்து இவங்க கெட்டுப் போனாங்களா?"ன்னு கேட்டேன். என் குரல் எனக்கே புதுசா இருந்துச்சு. "ஒரு நாளைக்கு ரெண்டு ஜாயிண்ட்னு பலகையில எழுதி என்னைச் சந்தி சிரிக்க வச்சீங்களே, அப்போ நான் மெத்தனமா? ஷோகேஸ்னு சொன்னீங்களே, அப்போ நான் மெத்தனமா?"

மேனேஜர் அண்ணனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாரு. அண்ணன் தரையைப் பார்த்துக்கிட்டே வாயைத் திறந்தாரு. "சார், அன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு இவ தனியா மேல போனான்னு வாட்ச்மேன் சொன்னாரு. கையில ரெஞ்சோட போயிருக்கா."

என்னைக் காட்டிக் கொடுத்தது வேற யாரும் இல்லை. யாரைக் காட்டிக் கொடுக்க மனசு வராம நான் அந்த மூணு போல்டை அவுத்தேனோ, அந்த மனுஷன்.

மேனேஜர் துள்ளி எழுந்தாரு. "பார்த்தீங்களா சார்! வேணும்னே தளர்த்தியிருக்கா! இது நாசவேலை. முதல்ல இதை எழுதுங்க!"

இன்ஸ்பெக்டர் கண்ணாடிக்குள்ளேர்ந்து என்னையே பார்த்தாரு. "இவங்களோட மத்த நூத்தி அஞ்சும் கல்லு மாதிரி இருந்துச்சு. நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்"னாரு. "ஏம்மா, அந்த மூணையும் நீங்களே தளர்த்தினீங்களா?"

"ஆமா சார்."

"ஏன் என்கிட்ட வந்து சொல்லலை?"

அதுக்கு மேல எனக்குப் பொறுமை இல்லை. "சொன்னேனே! வாசல் கேட் பக்கத்துல நின்னு, உங்க கார்க் கதவைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேனே! என் வாய்ச்சொல்லு உங்களுக்குப் பத்தலை. போல்ட் சொன்னாத்தான் கேட்பேன்னீங்க, போல்டைச் சொல்ல வச்சேன்."

அண்ணன் இன்னும் தலையைத் தூக்கலை. நான் மேனேஜர் கொடுத்த காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்னாடி வெள்ளையா இருந்த பக்கத்தை இன்ஸ்பெக்டர் முன்னாடி தள்ளினேன்.

"மூணு போல்டைத் தளர்த்தினது நான்தான். தேதி, நேரம், ஜாயிண்ட் நம்பர் எல்லாம் சொல்றேன், எழுதிக்குங்க. கீழே கையெழுத்தும் போடுறேன். அடுத்த வரியில, மிச்சம் அறுநூத்திப் பதிமூணை இறுக்காம விட்டது யாருன்னு இவங்களைக் கேட்டு எழுதுங்க."